43 பேர் படிக்கும் அரசு உயர்நிலைப் பள்ளி, தேர்ச்சி 88.89: மகளை ஆறாவதில் சேர்க்கலாமா?

குட்டியானை_டிரைவர் எழுதியது (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். காளையார்கோவில் பக்கம் எங்கள் ஊர். பதினோரு வருடம் திருப்பூரில் பனியன் கம்பெனியில் கட்டிங் பார்த்தேன். அப்பாவுக்கு முடியாமல் போனதால் போன வருடம் ஊருக்கே வந்துவிட்டோம். இப்போது குட்டியானை ஓட்டுகிறேன். மகள் ஊர் ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் ஐந்தாவது முடித்திருக்கிறாள். அவள் வகுப்பில் மொத்தமே மூன்று பேர்.

ஆறாவதுக்கு இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, கண்மாய்க்கரையை ஒட்டி இருக்கும் அரசு உயர்நிலைப் பள்ளி. வீட்டிலிருந்து நடந்தே போகலாம், பத்து நிமிடம். இன்னொன்று 16 கிலோமீட்டர் தள்ளி டவுனில் ஒரு மெட்ரிக். வேன் காலை 7:10க்கு வந்து ஏற்றிக்கொண்டு போய் சாயங்காலம் 5:45க்குக் கொண்டுவந்து விடும். வீட்டுக்காரி மெட்ரிக்தான் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். காசு எப்படியோ புரட்டிவிடலாம். எனக்குத்தான் மனசு ஒரு பக்கம் நிற்கவில்லை.

பள்ளிகளின் புள்ளிவிவரம் இருக்கும் யூடைஸ் தளத்தில் பார்த்தேன். போன வருடம் எங்கள் ஊர்ப் பள்ளியில் ஆறாவது 5, ஏழாவது 9, எட்டாவது 8, ஒன்பதாவது 12, பத்தாவது 9. ஆக மொத்தம் 43. வருடா வருடம் வாட்ஸப்பில் சுற்றும் பத்தாவது ரிசல்ட் பட்டியலில் தேர்ச்சி சதவீதம் போட்டிருக்கும், எங்கள் பள்ளியின் வரியை மட்டும் எடுத்து வைத்திருக்கிறேன்:

2022: 87.50
2023: 100
2024: 71.43
2025: 88.89

2025இல் எங்கள் சிவகங்கை மாவட்டம் 98.31 எடுத்து மாநிலத்திலேயே முதலிடம். மாநில சராசரி 93.80. எங்கள் பள்ளி இரண்டுக்கும் கீழே. டீக்கடையில் 'ரிசல்ட் போன ஸ்கூல்' என்றே சொல்கிறார்கள். பள்ளி திறக்க இன்னும் பத்து நாள்கூட இல்லை. இந்த எண்களை எப்படிப் படிப்பது என்று தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.


மேலூர்_மைனர் எழுதியது

71 சதவீதமா? இதில் யோசிக்க என்ன இருக்கிறது நண்பா. நாலு பேரில் ஒருத்தன் ஃபெயில். அதுவும் ஆறாவதில் அஞ்சு பேர். ரெண்டு வருஷத்தில் பூட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அப்புறம் எட்டாவதில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அலைவதற்கு இப்போதே வேன் ஏற்றிவிடுங்கள்.


ரிட்டயர்ட்_கணக்கு_வாத்தியார் எழுதியது

தம்பி, எத்தனை பேர் பரீட்சை எழுதினார்கள் என்று நீங்கள் போடவில்லை. போடவும் வேண்டாம், உங்கள் எண்களே சொல்லிவிடுகின்றன. 71.43 என்றால் ஏழில் ஐந்து. 88.89 என்றால் ஒன்பதில் எட்டு. 87.50 என்றால் எட்டில் ஏழு. 71.43 பதினாலில் பத்தாகவும் வரும்தான், ஆனால் இவ்வளவு சின்னப் பள்ளியில் பத்தாவதில் பதினாலு பேர் இருந்திருக்க மாட்டார்கள். 100 மட்டும்தான் வாயே திறக்காது. அதற்குள் இரண்டு பேர் இருந்தாலும் 100, இருநூறு பேர் இருந்தாலும் 100. அந்த வருடத்தை மட்டும் தனியாக வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு அப்புறம் வருகிறேன்.

ஏழு பேர் எழுதும் பள்ளியில் ஒரு பிள்ளையின் எடை 14.29 சதவீதம். இருநூறு பேர் எழுதும் பள்ளியில் அதே பிள்ளையின் எடை அரை சதவீதம். 2024இல் இன்னும் ஒரே ஒரு பிள்ளை 35 எடுத்திருந்தால் உங்கள் பள்ளி 85.71. டீக்கடையில் யாரும் வாயைத் திறந்திருக்க மாட்டார்கள். இப்படிப்பட்ட பள்ளியை வருடா வருடம் பார்ப்பதில் பிரயோஜனம் இல்லை, நாலு வருடத்தைச் சேர்த்துப் பாருங்கள். நூறு எடுத்த வருடத்தில் ஆறு பேர் எழுதியதாக வைத்துக்கொண்டால் மொத்தம் 30 பேர், 26 பேர் தேர்ச்சி. நூற்றுக்கு 87. உங்களிடம் பூசி மெழுக மாட்டேன், இது மாநில சராசரிக்குக் குறைவுதான். 2022இல் மாநிலம் 90.07, அதற்கு அடுத்த வருடங்களில் 91.39, 91.55, 2025இல் 93.80. ஆனால் நாலு வருடத்திலும் சேர்த்துத் தவறியது நாலே பிள்ளைகள். அந்த நாலு பேரும் யார், ஏன் என்று பள்ளியில் பெயர் சொல்லிக் கேட்கலாம். இருநூறு பேர் பள்ளியில் இது முடியாது.

நான் கடைசியாக ஹெச்எம்மாக இருந்தது பக்கத்து மாவட்டத்தில், இதே மாதிரி ஒரு பள்ளியில். நடுநிலைப் பள்ளியாக இருந்து, மத்திய அரசின் இடைநிலைக் கல்வித் திட்டமான ஆர்எம்எஸ்ஏ காலத்தில் உயர்நிலையானது. அப்போது அதன் நோக்கம் 5 கிலோமீட்டருக்குள் பத்தாவது வரை ஒரு பள்ளி. நல்ல நோக்கம்தான், பிள்ளைகள்தான் ஊரில் இல்லை. ஒரு வருடம் பதினோரு பேர். அதில் ஒருத்தனுடைய அப்பா கீதாரி. தை பிறந்து அறுப்பு முடிந்ததும் ஆட்டைப் பத்திக்கொண்டு தஞ்சாவூர்ப் பக்கம் கிடை போடப் போய்விடுவார்கள். பையனும் கூடவே போய்விட்டான். நாமினல் ரோலில், அதாவது பரீட்சை எழுதுவோர் பட்டியலில், பெயர் ஏறிவிட்டது, ஆள் இல்லை. அவன் வராமல் இருந்தால் எனக்கு லாபம், தெரியுமா? தேர்ச்சி விகிதத்தை எழுதியவர்களை வைத்துத்தான் போடுகிறார்கள். அவன் ஆப்சென்ட் ஆனால் பத்துக்குப் பத்து, எனக்கு 100. வந்து எழுதினால் கணக்குப் பாடத்தில் நிச்சயம் ஃபெயில், எனக்கு 90.91.

போன் போட்டேன். ஒரத்தநாடு தாண்டி ஏதோ ஒரு வயலில் இருந்தார்கள். முதல் பரீட்சைக்கு முந்தின ராத்திரி கடைசி பஸ்ஸில் பையன் வந்து இறங்கினான். சட்டையில் ஆட்டு வாடை. சின்னப் பள்ளி என்பதால் எங்களுக்குத் தேர்வு மையம் கிடையாது, ஒன்பது கிலோமீட்டர் போக வேண்டும். ஷேர் ஆட்டோ பேசி எல்லோரையும் கூட்டிப்போவோம். அவனும் ஏறிக்கொண்டான். ஐந்து பரீட்சையும் எழுதினான். கணக்கில் 31. என் பாடம்! துணைத் தேர்வில் 47 எடுத்துத் தேறிவிட்டான். ஆனால் மே மாதம் போட்ட பட்டியலில் அந்த 47 எங்கேயும் ஏறாது. மீட்டிங்கில் நூறு வாங்காத ஹெச்எம்கள் எல்லாம் எழுந்து நிற்கச் சொன்னபோது நானும் நின்றேன். பக்கத்தில் நின்றவர் பள்ளியில் 26 பேர் ஃபெயில். இரண்டு பேருக்கும் ஒரே திட்டு.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், நீங்கள் பள்ளிக்குப் போய்க் கேட்க வேண்டியது ரிசல்ட் இல்லை. ஒவ்வொரு வருடமும் பத்தாவது எழுதியவர்களுக்கு நேராக, அதற்கு முந்தின வருடம் ஒன்பதாவதில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று கேளுங்கள். ஹெச்எம் நல்லவராக இருந்தால் வருகைப் பதிவேட்டையே எடுத்துக் காட்டுவார். இடையில் காணாமல் போனவர்கள் எங்கே என்று கேளுங்கள். டிசி வாங்கிக்கொண்டு வேறு ஊர் போனது வேறு, படிப்பையே நிறுத்தியது வேறு. இதே கேள்வியை அந்த மெட்ரிக்கிலும் கேளுங்கள். ஒன்பதாவதில் தேறாது என்று தெரிந்ததும் டிசியைக் கையில் கொடுத்து அனுப்பப்பட்ட பிள்ளைகள் மூன்று பேரை என் பள்ளியில் சேர்த்திருக்கிறேன். அனுப்பிய பள்ளி வாசலில் அந்த வருடமும் நூற்றுக்கு நூறு ஃபிளெக்ஸ் தொங்கியது.

அடுத்தது ஆசிரியர்கள். 43 பிள்ளைகளுக்கு ஐந்து ஆசிரியர் என்றால் கேட்க சுகமாகத்தான் இருக்கும். ஆனால் இங்கே பாடத்துக்கு ஒருவர்தான், ஸ்பேர் கிடையாது. கணக்கு டீச்சர் பிரசவ விடுப்பில் போனால் பள்ளியில் கணக்கே விடுப்பில் போய்விடும். அதனால் பணியிடம் எத்தனை என்று கேட்காதீர்கள், இன்றைக்குக் கணக்கு யார் எடுக்கிறார்கள், வாரத்தில் எத்தனை நாள், எந்த ஊரிலிருந்து எந்த பஸ்ஸில் வருகிறார்கள் என்று கேளுங்கள். கிளார்க் இல்லாத பள்ளியாக இருந்தால் எமிஸில் (அரசின் மாணவர் விவர இணையதளம்) ஏற்றும் வேலை முழுக்க ஆசிரியர்கள் தலையில்தான். அதற்கு எத்தனை பீரியட் போகிறது என்பதையும் பாருங்கள்.

சின்னப் பள்ளியில் கிடைப்பது ஒன்று இருக்கிறது, அது எந்தப் பட்டியலிலும் வராது. பத்தாவது அறிவியலில் செய்முறைக்கு 25 மார்க், அதில் 15 எடுத்தாக வேண்டும். குவிலென்சின் குவியத் தொலைவு காணும் சோதனை ஒன்று உண்டு. எங்கள் பள்ளியில் லேப் என்பது ஒரு இரும்பு பீரோ. அதில் நாலு லென்ஸ். அறிவியல் டீச்சர் பிள்ளைகளை வகுப்பின் உள்சுவர் ஓரமாக நிறுத்தி வெள்ளைத்தாளைப் பிடிக்கச் சொல்வார். ஜன்னல் வழியாக வெளியே நிற்கிற வேப்பமரம் தாளில் தலைகீழாக வந்து விழும். காற்றடித்தால் தாளுக்குள் கிளை ஆடும். பதினோரு பேரும் ஆளுக்கு ஒரு தடவை லென்ஸை முன்னே பின்னே நகர்த்தி, மரம் தெளிவாக விழுகிற இடத்தில் நிறுத்தி, ஸ்கேல் வைத்து அளந்தார்கள். கீதாரி மகனும் அளந்தான், 19.5 சென்டிமீட்டர் என்று நோட்டில் எழுதினான். ஐம்பது பேர் வகுப்பில் முன் வரிசை செய்யும், பின் வரிசை அதைப் பார்த்து எழுதும்.

கடைசியாகக் காசு விஷயம், இதை உங்கள் வீட்டம்மாவிடம் காட்டுங்கள். ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில், இல்லை அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தால்தான் புதுமைப் பெண் திட்டத்தில் கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய். மருத்துவத்தில் 2020இலிருந்து இருக்கும் 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டுக்கும் ஆறிலிருந்தே கணக்கு, இன்ஜினியரிங்குக்கும் அப்படித்தான். பத்தாவது வரை மெட்ரிக், அப்புறம் பதினொன்றில் அரசுப் பள்ளி என்று போட்டால் இதெல்லாம் போய்விடும். இது தெரியாமல் செய்துவிட்டுப் பிறகு வந்து கேட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை.


தாவணி_நோட்டு எழுதியது

அண்ணா, நான் படித்ததும் இப்படி ஒரு பள்ளிதான், ராமநாதபுரம் பக்கம். வாத்தியார் சார் சொன்னது எல்லாம் சரி. ஆனால் அவர் ஸ்டாஃப் ரூமிலிருந்து பார்த்தது. பெஞ்சிலிருந்து பார்த்ததை நான் சொல்கிறேன்.

பத்தாவதில் நாங்கள் ஐந்து பேர், அதில் பெண் நான் ஒருத்திதான். ஒன்பதாவதில் இன்னொருத்தி இருந்தாள், அவர்கள் குடும்பத்தோடு சென்னை போய்விட்டார்கள். அதற்குப் பிறகு மதியச் சாப்பாட்டை ஏழாம் வகுப்புப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிடுவேன். கோகோ என்றால் எனக்கு உயிர். ஆனால் களத்தில் ஒன்பது பேர் வேண்டும். எங்கள் பள்ளியில் ஓடக்கூடிய பெண் பிள்ளைகள் எல்லோரையும் சேர்த்தாலும் ஏழுதான். வட்டாரப் போட்டிக்கு ஒரு வருடம்கூடப் போகவில்லை. பாட்டுப் போட்டிக்கு மட்டும் போனேன், அது தனி ஆள் என்பதால்.

பதினொன்றாவதுக்கு டவுன் பள்ளிக்குப் போனதும் வகுப்பில் 58 பேர். அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது 'உள்ளேன் ஐயா' சொல்லக்கூட எனக்குக் குரல் எழும்பவில்லை. அரையாண்டு வரைக்கும் அப்படித்தான் ஓடியது.

நல்லதும் சொல்ல வேண்டும் இல்லையா. எட்டாவதில் என்எம்எம்எஸ் என்கிற மத்திய அரசு உதவித்தொகைப் பரீட்சைக்கு எங்களில் நன்றாகப் படிக்கிறவர்களை மட்டும் எடுக்கவில்லை, இருந்த ஆறு பேரையும் எழுத வைத்தார்கள். சாயங்காலம் பஸ் வரும் வரை சமூக அறிவியல் சார் உட்கார்ந்து மனத்திறன் கணக்கு போட வைப்பார். இரண்டு பேர் பாஸ். வருடம் 12,000 வீதம் பன்னிரண்டாவது வரை நாலு வருடம் 48,000 வந்தது. என் காலேஜ் முதல் வருட ஃபீஸ் அந்தக் காசுதான்.

உங்கள் பொண்ணு வகுப்பில் பெண் பிள்ளைகள் எத்தனை பேர் என்று மட்டும் கேட்டுவிட்டு முடிவெடுங்கள் அண்ணா. அது முக்கியம்.


மேலூர்_மைனர் எழுதியது

சார், நீங்கள் சொன்ன ஏழில் ஐந்து கணக்கைப் போனில் போட்டுப் பார்த்தேன், சரியாகத்தான் வருகிறது. நாலில் ஒருத்தன் என்று சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். பூட்டிவிடுவார்கள் என்று சொன்னதை வாங்கவில்லை.


குட்டியானை_டிரைவர் எழுதியது

எல்லோருக்கும் நன்றி. நேற்று லோடு இல்லை, பள்ளிக்குப் போய்வந்தேன். ஹெச்எம் அம்மா இருந்தார்கள். நான் கேட்பதைக் கேட்டுவிட்டு 'யார் இப்படியெல்லாம் கேட்கச் சொன்னது?' என்று சிரித்தார்கள். பழைய பதிவேட்டை எடுத்துப் போட்டார்கள்.

வாத்தியார் சார், நீங்கள் தனியாக எடுத்து வைக்கச் சொன்ன 2023ஆம் வருடம் ஆறு பேர்தான் எழுதினார்கள், நீங்கள் குத்துமதிப்பாகச் சொன்னதே சரி. ஆனால் அதற்கு முந்தின வருடம் ஒன்பதாவதில் ஒன்பது பேர். கொரோனாவில் பள்ளி மூடிக் கிடந்தபோது வேலைக்குப் பழகிவிட்டார்கள் என்று அம்மா சொன்னார்கள். இரண்டு பேர் பத்தாவதுக்கு வரவே இல்லை. ஒருத்தன் என் பழைய கம்பெனித் தெருவிலேயே செக்கிங்கில் இருக்கிறானாம். மூன்றாவது ஒரு பெண் பிள்ளை, வீட்டில் நிறுத்திவிட்டார்கள்.

டீக்கடையில் பேசுகிற 71.43 வருடம், ஒன்பதாவதில் ஏழு பேர். பத்தாவது எழுதியதும் அதே ஏழு பேர். தோற்ற இரண்டு பேரும் துணைத் தேர்வில் தேறி, ஒருத்தன் ஐடிஐயில் ஃபிட்டர், இன்னொருத்தி டவுனில் பன்னிரண்டாவது போகப்போகிறாள். அவள் வீடு எங்கள் தெருவுக்கு அடுத்த தெருதான். இத்தனை நாள் அவளைத்தான் 'ரிசல்ட் போனது' என்று சொல்லிக்கொண்டிருந்தோம் என்று அப்போதுதான் உறைத்தது.

கணக்கு விஷயம்தான் இடிக்கிறது. பணியிடம் காலி. வேறு பள்ளியிலிருந்து ஒரு சார் மாற்றுப்பணியில் செவ்வாய், வியாழன் மட்டும் வருகிறார். மற்ற நாளில் அறிவியல் டீச்சரே ஆறாவது ஏழாவதுக்குக் கணக்கும் எடுக்கிறார். கலந்தாய்வில் ஆள் வரும் என்று அம்மா சொன்னார்கள். சொல்லும்போது அவர்கள் முகத்தைப் பார்த்தேன், அவர்களுக்கே அவ்வளவு நம்பிக்கை இல்லை. ஒளிக்காமல் சொன்னதற்காகவே எனக்குப் பிடித்துவிட்டது.

தாவணி நோட்டு தங்கச்சி, ஆறாவதுக்கு இதுவரை பெயர் கொடுத்தவர்கள் நாலு பேர், அதில் பெண் பிள்ளைகள் இரண்டு. என் மகளோடு மூன்று. ஏழாவதில் ஐந்து பெண் பிள்ளைகள்.

மெட்ரிக்குக்கும் போன் செய்து ஒன்பதாவது கணக்கைக் கேட்டேன். 'அட்மிஷனுக்கு வரும்போது பேசிக்கலாம் சார்' என்று வைத்துவிட்டார்கள்.

வீட்டில் இரண்டு நாள் பேச்சுவார்த்தை நடந்தது. வீட்டுக்காரி வைத்த கண்டிஷன், கணக்குக்கு மட்டும் டியூஷன். காலேஜ் முடித்துவிட்டு டிஆர்பி ஆசிரியர் தேர்வுக்குப் படிக்கும் ஒரு பிள்ளை ஊரில் இருக்கிறது, சனி ஞாயிறு சொல்லித்தர ஒப்புக்கொண்டிருக்கிறது. நாளைக்கு டிசி வாங்கப் போகிறேன்.


ரிட்டயர்ட்_கணக்கு_வாத்தியார் எழுதியது

சந்தோஷம் தம்பி. டிசியைக் கொண்டுபோய்க் கொடுத்ததோடு விட்டுவிடாதீர்கள். தொடக்கப் பள்ளியில் எமிஸில் பிள்ளையைக் காமன் பூலுக்கு (பள்ளி மாறும் பிள்ளைகளின் பொதுப் பட்டியல்) அனுப்பினார்களா, இங்கே எடுத்து ஏற்றினார்களா என்று ஒரு வாரம் கழித்துப் போய்க் கேளுங்கள். பள்ளிக்கு எத்தனை ஆசிரியர் என்று முடிவு செய்யும் பணியிட நிர்ணயத்துக்கு ஆகஸ்ட் 1ஆம் தேதி எண்ணிக்கையைத்தான் எடுப்பார்கள். பெயர் கொடுத்த மற்ற நாலு வீட்டுக்காரர்களிடமும் சொல்லிவிடுங்கள்.

டியூஷன் பிள்ளையிடம் முதலில் பின்னத்தைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். ஆறாவதில் எல்லோரும் அங்கேதான் வழுக்குவார்கள்.